பெரிய மீன்தொட்டிக்கு வீட்டிலேயே ஃபில்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை 400 லிட்டருக்கு மேற்பட்ட நன்னீர்த் தொட்டிகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் தொட்டி செய்யச் சொல்லியிருக்கிறேன். ஆறு ஆஸ்கார் மீன் விட எண்ணம். கேனிஸ்டர் (இறுக மூடிய டப்பா) ஃபில்டர் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. சம்ப் (தொட்டித் தண்ணீர் இறங்கிச் சுத்தமாகி, பம்ப் வழியாக மேலேறும் கீழ்த்தொட்டி) நானே செய்துகொள்ளலாமா? எந்த அளவு, எத்தனை அறை, எந்த பம்ப்?
— வாசகர், தாம்பரம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். தொட்டி இன்னும் ஒட்டி முடியவில்லை என்பது உங்களுக்குப் பெரிய வசதி. காரணம் அடுத்த பதிலில்.

முதலில் கணக்கு. வெளி அளவில் அந்தத் தொட்டி 680 லிட்டர். 12 மி.மீ. கண்ணாடியின் தடிமன், மேலே விடும் இடைவெளி, மணல் எல்லாம் போக நிற்பது சுமார் 560 லிட்டர். இதற்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் சம்ப் செய்யுங்கள். ஸ்டாண்டை வெல்டிங் செய்து முடித்த பிறகு, குறுக்குக் கம்பியில் இடித்துச் சம்ப் உள்ளே போக மறுப்பது அடிக்கடி நடக்கும் கூத்து. அதனால் சம்பின் அளவை வெல்டரிடம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். சம்பில் தண்ணீர் 25 செ.மீ. உயரத்தில் ஓடட்டும். அது 135 லிட்டர். ஆக மொத்தம் 700 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த 700-ஐ வைத்துத்தான்.

மூன்று அறை போதும். ஐந்து, ஆறு என்று தடுப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு தடுப்பும் கை விட முடியாத ஒரு மூலையைத்தான் கூடுதலாகத் தரும். முதல் அறை 30 செ.மீ. மேலிருந்து தண்ணீர் விழும் இடமும் அழுக்கு பிடிபடும் இடமும் இதுதான். துளை போட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்றை இதில் பொருத்தி, பெரிய கண் உள்ள ஸ்பான்ஞ்சை மேலேயும் வெள்ளைப் பஞ்சைக் கீழேயும் வையுங்கள். மாற்றி வைத்தால் பஞ்சு ஒரே நாளில் அடைத்துக்கொண்டு, தண்ணீர் கூடையின் விளிம்பைத் தாண்டி வடியாமலே போய்விடும். மெத்தைக் கடை ஸ்பான்ஞ்ச் வேண்டாம். தீப்பிடிக்காமலிருக்க அதில் மருந்து சேர்த்திருக்கக்கூடும்.

இரண்டாவது அறை 45 செ.மீ. நுண்ணுயிர் குடியிருக்கும் மீடியாவுக்கு. மூன்றாவது 30 செ.மீ. பம்புக்கு. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் 3 செ.மீ. இடைவெளியில் மூன்று தடுப்புக் கண்ணாடிகள்: முதலாவதின் மேல் வழிந்து, நடுவிலுள்ளதன் அடியில் 5 செ.மீ. சந்தில் நுழைந்து, மூன்றாவதின் மேல் ஏறி விழ வேண்டும். இது இல்லாவிட்டால் குமிழி பம்புக்குள் போய், மேல்தொட்டி முழுக்கப் பொடிக் குமிழியாகப் பறக்கும். சம்புக்கு 8 மி.மீ., தடுப்புக்கு 5 மி.மீ. கண்ணாடி போதும். சிலிக்கான் வாங்கும்போது பூஞ்சைத் தடுப்பு என்று போட்டிருக்கும் பாத்ரூம் ரகத்தைத் தொடாதீர்கள். அந்த மருந்து மீனுக்கும் ஆகாது. வினிகர் வாடை அடிக்கும் சாதாரணக் கண்ணாடி சிலிக்கான்தான் வேண்டும். ஒட்டி ஒரு வாரம் காய்ந்த பிறகு, தரையில் வைத்து இரண்டு நாள் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள்.

பம்ப்: தொட்டித் தண்ணீர் (இங்கே மட்டும் சம்ப் சேராத 560 லிட்டர்) மணிக்கு ஐந்தாறு முறை சுற்றி வர வேண்டும். அதாவது 2,800 முதல் 3,400 லிட்டர். பெட்டியில் 3,500 என்று எழுதியிருப்பதை வாங்கினால் ஏமாறுவீர்கள். அந்த எண் உயரமே ஏற்றாமல் அளந்தது. உங்கள் அமைப்பில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஏற்ற வேண்டும். அதிகபட்ச ஏற்றம் 4 மீட்டர் போட்டிருக்கும் 5,500 லிட்டர் பம்ப் என்றால் இந்த உயரத்தில் 3,300 அளவில் தரும். பம்பின் வாய் முக்கால் அங்குலம் என்றாலும் ஏறும் குழாயை 1 அங்குலமாகப் போடுங்கள். எல்போவை எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவு லாபம். பொருத்திய பிறகு, தொட்டியில் விழும் தண்ணீரை 20 லிட்டர் வாளியில் பிடித்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 20 நொடியில் நிறைந்தால் மணிக்கு 3,600 லிட்டர். 40 நொடி ஆனால் 1,800தான்.

ஆஸ்கார் நான்கோடு நிறுத்திக்கொண்டால் நல்லது. ஃபில்டர் ஆறையும் தாங்கும். இடத்துக்கான சண்டையை ஃபில்டர் தீர்க்காது.

கேள்வி: கண்ணாடியைத் துளைக்கப் பயமாக இருக்கிறது. தண்ணீரைச் சம்புக்கு இறக்க, விளிம்பின் மேல் வளைத்துப் போடும் பி.வி.சி. சைஃபன் ஓவர்ஃப்ளோ போதாதா?
— வாசகி, திருச்சி. இதே கேள்வி நாகர்கோவில், சேலத்திலிருந்தும்

பதில்: போதாது. எத்தனை பேர் அழகாக ஓடுகிறது என்று காட்டினாலும் எங்கள் பதில் இதுதான். வளைவின் உச்சியில் குமிழி கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ஒரு நாள் சைஃபன் அறுந்துபோகும். பம்புக்கு அது தெரியாது. கீழே இருப்பதையெல்லாம் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். மிச்சம் தரையில்.

துளை போடுவது சொல்லப்படும் அளவுக்குக் கடினமில்லை. தொட்டி ஒட்டும் முன்பே கண்ணாடிக் கடையில் போட்டு வாங்குவது சிறந்தது. ஏற்கெனவே ஓடும் தொட்டி என்றால் பின்பக்கக் கண்ணாடியின் மேல்பகுதியில் போடலாம். தண்ணீரைத் துளைக்குக் கீழே இறக்கினால் போதும். ஒரே நிபந்தனை, அது டஃபன்ட் (சூடேற்றி வலுவாக்கிய) கண்ணாடியாக இருக்கக் கூடாது. டிரில் பட்ட கணமே அது பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். டஃபன்ட் என்றால் பெரும்பாலும் ஒரு மூலையில் சின்ன முத்திரை இருக்கும். நம் ஊர்க் கடைகளில் ஒட்டித் தரும் தொட்டிகள் அநேகமாகச் சாதாரணக் கண்ணாடிதான். இருந்தாலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒன்றரை அங்குல டேங்க் நிப்பிள் (துளையில் பொருத்தும் மரைக் குழாய்) இரண்டு வாங்கி, அதன் மரையின் வெளிவிட்டத்தை அளந்த பிறகே டைமண்ட் ஹோல் சா (கண்ணாடியில் வட்டத் துளை போடும் டிரில் பிட்) வாங்குங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். துளையின் ஓரத்துக்கும் கண்ணாடியின் விளிம்புக்கும் நடுவில் குறைந்தது ஒரு துளை அகலம் இருக்கட்டும். டிரில்லை மெதுவான வேகத்தில் ஓட்டி, இடைவிடாமல் தண்ணீர் ஊற்றி, கையால் அழுத்தாமல் டிரில்லின் எடையிலேயே இறங்க விடுங்கள். 12 மி.மீ. கண்ணாடிக்குக் கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். கடைசி 2 மி.மீட்டரில் அவசரப்பட்டால்தான் மறுபக்கம் சில்லு பெயரும். மறுபக்கத்தில் டேப் ஒட்டி ஒருவர் கையால் தாங்கிக்கொள்ளலாம். ரப்பர் வாஷர் தண்ணீர் இருக்கும் பக்கம் வரும். கையால் முறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. ஸ்பானர் போட்டு இறுக்கினால் கண்ணாடி விரிசல் விடும்.

துளை ஏன் இரண்டு? ஒன்று முழுச் சைஃபனாக, குழாய் நிறையத் தண்ணீரோடு இறங்கும். அதன் எல்போ கீழ்நோக்கி நீரில் முங்கி இருக்கும். சம்புக்கு மேலே அந்தக் குழாயில் ஒரு கேட் வால்வு. பால் வால்வில் நுணுக்கமாகத் திருக முடியாது. இரண்டாவது குழாயின் எல்போ மேல்நோக்கி, வழக்கமான நீர்மட்டத்துக்கு 1 செ.மீ. உயரே வாயைத் திறந்து சும்மா நிற்கும். முதலாவதில் இலையோ நத்தையோ அடைத்தால் தண்ணீர் இதன் வழியாக இறங்கும். அப்போது களகளவென்று சத்தம் கேட்கும். அதுதான் எச்சரிக்கை மணி. எனவே இதில் வால்வு எதுவும் போடாதீர்கள். இரண்டு வாயிலும் வலை மூடி அவசியம்.

கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தால் உறிஞ்சும் சத்தம் ஒரு கட்டத்தில் அடங்கிவிடும். அங்கேயே விட்டுவிடுங்கள். ராத்திரி தூங்க முடியவில்லை என்று எழுதியிருக்கும் காரைக்குடி வாசகருக்கும் இதுதான் மருந்து.

கேள்வி: கரன்ட் போனதும் மேலிருந்து தண்ணீர் இறங்கிச் சம்ப் நிரம்பி வழிகிறது. நான்-ரிட்டர்ன் வால்வு போட்டும் பயனில்லை.
— வாசகர், மதுரை

பதில்: அந்த வால்வை நம்பாதீர்கள். ஒரு பாசித் துணுக்கு, ஒரு மணல் பருக்கை சிக்கினால் அது மூடாது. கழற்றிவிட்டால் பம்பின் வேகமும் கொஞ்சம் கூடும்.

தண்ணீர் திரும்பி இறங்குவது, ஏற்றும் குழாயின் வாய் தொட்டிக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வாய் 20 செ.மீ. ஆழத்தில் இருந்தால், 6×2 அடித் தொட்டியில் ஒரு செ.மீட்டருக்குப் பத்தரை லிட்டர் வீதம் 210 லிட்டர் சம்புக்கு வரும். எந்தச் சம்ப் தாங்கும்? வாயை நீர்மட்டத்துக்கு 2, 3 செ.மீ. கீழே கொண்டுவாருங்கள். அதோடு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் 4 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். மட்டம் இறங்கியதும் அதில் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். வாரம் ஒருமுறை பல் குத்தும் குச்சியால் குத்திப் பாருங்கள், பாசி அடைக்கும். அடைத்துவிட்டால் துளை இருந்தும் இல்லாததுதான்.

இப்படிச் செய்தால் 3 செ.மீ. இறக்கத்துக்கு 32 லிட்டர், குழாய்களில் நிற்பது ஐந்து லிட்டர், ஆக 40-க்குள். 4×1½ அடிச் சம்பில் ஒரு செ.மீ. உயரத்துக்கு 5.4 லிட்டர். மட்டம் 7, 8 செ.மீ. ஏறும். 20 செ.மீ. காலியாக விட்டிருந்தால் கவலையில்லை.

எதிர்த் திசையையும் சோதியுங்கள். ஓவர்ஃப்ளோ முழுக்க அடைத்துவிட்டால் பம்ப் அறையிலுள்ளது மட்டும் மேலே போகும். 30×45 செ.மீ. அறையில் 20 செ.மீ. தண்ணீர் என்றால் 27 லிட்டர். மேல்தொட்டியில் இரண்டரை செ.மீ. உயரம். விளிம்புக்குக் கீழே 4 செ.மீ. விட்டிருந்தால் தரை நனையாது. மீன் விடுவதற்கு முன்பே, பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கியும் ஒரு தடவை ஓவர்ஃப்ளோவைக் கையால் அடைத்தும் பார்த்துவிடுங்கள்.

பிளக்கைப் பற்றி இன்னொன்று. ஒயர் சுவிட்ச் பலகைக்கு நேராக ஏறக் கூடாது. கீழே தொங்கி வளைந்து மேலே போக வேண்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டதும் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள்.

கேள்வி: செராமிக் ரிங், பயோ பால் எல்லாம் யானை விலை. பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் ஸ்க்ரப்பர், செங்கல் துண்டு, ஜல்லி போடலாம் என்கிறார்கள். எது உண்மையில் வேலை செய்யும்? எவ்வளவு வேண்டும்?
— வாசகர், ஈரோடு

பதில்: மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது நுண்ணுயிர். அதற்கு வேண்டியது ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பு, அதன் மேல் ஓடும் ஆக்ஸிஜன் நிறைந்த தண்ணீர். பிராண்டின் பெயர் அதற்குத் தெரியாது.

எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு. நாளுக்கு 20 கிராம் தீவனம், அதில் புரதம் 40 சதவீதம் என்று கொள்ளுங்கள். மீன் பண்ணைகளில் பயன்படும் சூத்திரம்: தீவனம் × புரதப் பங்கு × 0.092. விடை 0.74 கிராம் அமோனியா நைட்ரஜன், அதாவது அமோனியாவிலுள்ள நைட்ரஜனின் எடை. ஒரு சதுர மீட்டர் பரப்பு நாளுக்கு 0.1 கிராம்தான் மாற்றும் என்று குறைத்தே வைத்தாலும் ஏழரை சதுர மீட்டர் போதும். சக்கர வடிவப் பிளாஸ்டிக் மீடியாவில் ஒரு லிட்டருக்கு அரை சதுர மீட்டர் கிடைக்கும். ஆக 15 லிட்டர். பாதுகாப்புக்கு 25 லிட்டர் போட்டுக்கொள்ளுங்கள். 50, 60 லிட்டர் செராமிக்கைக் கொட்டுவது பணத்துக்குக் கேடு. நடுவில் அழுக்கு தங்கி, அதுவே அமோனியாவைத் தரும்.

ஸ்க்ரப்பர் நல்ல மீடியா. சுருள்சுருளாக இருக்கும் பிளாஸ்டிக் வலை ரகம் மட்டும். பச்சை நிறத் தேய்ப்புப் பட்டை, சோப்பு தடவியது, கிருமிநாசினி என்று போட்டது, எஃகு, செம்பு எதுவும் ஆகாது. சந்து அகலமாக இருப்பதால் அடைக்காது, உதறினால் சுத்தமாகிவிடும். பரப்பு குறைவு என்பதால் இரண்டு மடங்கு இடம் கொடுங்கள். நன்றாக வெந்த செங்கலைக் கோலிக்குண்டு அளவுக்கு உடைத்து, தூள் போகும்வரை கழுவிப் போடலாம். அரைவேக்காட்டுச் செங்கல் கரைந்து சேறாகும். கருங்கல் ஜல்லி வழவழப்பானது, எடைதான் கூடும்.

எங்களைக் கேட்டால் மீடியாவில் மிச்சம் பிடித்து, அந்தப் பணத்தைக் குழாய்க்கும் வால்வுக்கும் ஓர் ஏர் பம்புக்கும் போடச் சொல்வோம். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற நுண்ணுயிர் 4.57 கிராம் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் 30 டிகிரித் தண்ணீரில் ஆக்ஸிஜன் கரைவதே குறைவு. மீடியா அறையின் அடியில் இரண்டு ஏர் ஸ்டோன் வையுங்கள். ஏர் பம்ப் சம்பின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் கரன்ட் போன நேரம் பார்த்து டியூப் வழியாகத் தண்ணீர் அதற்குள் போய்விடும்.

கேள்வி: 20 லிட்டர் பெயின்ட் வாளியில் கேனிஸ்டர் செய்து தொட்டிக்குக் கீழே வைத்தேன். எத்தனை முறை சிலிக்கான் பூசினாலும் மூடி கசிகிறது. வாடகை வீடு, துளை போட முடியாத தொட்டி.
— வாசகர், புதுச்சேரி

பதில்: கசியத்தான் செய்யும். தொட்டியின் நீர்மட்டம் வாளி மூடிக்கு 1.2 மீட்டர் உயரே இருந்தால், 30 செ.மீ. விட்ட மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை 85 கிலோ எடைக்குச் சமம். ஓர் ஆள் கீழிருந்து மூடியை எத்திக்கொண்டே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் வாளி அதற்காகச் செய்யப்பட்டதில்லை.

உங்கள் நிலைமையில் ஃபில்டரைத் தொட்டிக்கு மேலே கொண்டுபோவதே வழி. தொட்டிக்குள் ஒரு பம்ப் தண்ணீரை மேலே ஏற்றும். அங்கே ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றும் 15 லிட்டர். மேல் டப்பாவில் ஸ்பான்ஞ்சும் பஞ்சும், நடுவில் ஸ்க்ரப்பர், அடியில் செராமிக்கோ செங்கல்லோ. அடித்தட்டில் 5 மி.மீ. துளைகள், இரண்டு விரல் இடைவெளியில். தண்ணீர் மழையாகச் சொட்டித் தொட்டிக்கே திரும்பும். ஏற்றம் அரை மீட்டருக்குள் என்பதால் 3,000 லிட்டர் பம்பே தாராளம்.

இதில் கசிந்தாலும் கரன்ட் போனாலும் தண்ணீர் தொட்டிக்குள்தான் விழும். ஒரே ஆபத்து, பஞ்சு அடைத்து மேல் டப்பா பொங்குவது. அந்த டப்பாவின் உள்பக்கச் சுவரில், அதாவது தொட்டியின் நடுப்பக்கம் பார்த்த சுவரில், விளிம்பிலிருந்து 3 செ.மீ. கீழே ஓர் அகலமான வெட்டு போட்டுவிடுங்கள். பொங்கினால் அதன் வழியாக உள்ளேயே விழும். டப்பாக்களைத் தொட்டியின் விளிம்பில் நேராக ஏற்றாமல் பலகையோ இரும்புச் சட்டமோ கொடுங்கள். தண்ணீரோடு 30, 40 கிலோ வரும். ஆக்ஸிஜன் விஷயத்தில் இது சம்பையே மிஞ்சும். அழகு மட்டும் கொஞ்சம் குறைவு.

கேள்வி: சிறுவாணித் தண்ணீர். ஃபில்டர் நன்றாக ஓடுகிறது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் பி.எச். 7-லிருந்து இறங்கி 5.5-க்கு வந்துவிட்டது. மீன் சாப்பிட மறுக்கிறது.
— வாசகர், கோவை

பதில்: குடிக்க ருசியான மென்னீர் என்பதே இங்கே சிக்கல். அமோனியாவை மாற்றும்போது நுண்ணுயிர் அமிலத்தை வெளியிடும். அதைத் தாங்குவது தண்ணீரிலுள்ள காரத்தன்மை. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு 7.14 கிராம் கால்சியம் கார்பனேட் அளவுக்குக் காரத்தன்மை செலவாகும். மேலே சொன்ன 700 லிட்டர் அமைப்பில், நாளுக்கு 20 கிராம் தீவனம் போட்டால், லிட்டருக்கு ஏழரை மி.கி. வீதம் தினமும் குறையும். தண்ணீரின் காரத்தன்மை 30 மி.கி. என்றால் நான்கே நாளில் தீர்ந்துபோகும். பிறகு பி.எச். சரியும். 6-க்குக் கீழே போனால் நுண்ணுயிரின் வேலை மந்தமாகி, அமோனியா சேரத் தொடங்கும்.

இப்போது ஒரு தவறு செய்துவிடாதீர்கள்: பி.எச்.-ஐ ஒரேயடியாக ஏற்றுவது. அமிலத் தண்ணீரில் அமோனியா பெரும்பாலும் கெடுதல் குறைந்த அமோனியமாக இருக்கும். 28 டிகிரியில் பி.எச். 7-ல் விஷ வடிவம் 0.7 சதவீதம், 8-க்குப் போனால் ஆறரை சதவீதம். சமையல் சோடாவை அள்ளிப் போட்ட அன்றே மீன் செத்து மிதப்பதற்குக் காரணம் இதுதான். முதலில் அமோனியாவை டெஸ்ட் செய்யுங்கள். இருந்தால், தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றி அதைக் குறையுங்கள், தீவனத்தை நிறுத்துங்கள். அதன் பிறகு சமையல் சோடா: 700 லிட்டருக்கு 24 கிராம் போட்டால் காரத்தன்மை லிட்டருக்கு 20 மி.கி. ஏறும். ஒரு நாளில் அதற்கு மேல் வேண்டாம். வாளித் தண்ணீரில் கரைத்துச் சம்பில் ஊற்றுங்கள்.

நிரந்தரத் தீர்வு, வலைப்பையில் இரண்டு கிலோ கிளிஞ்சல். கொதிக்கவைத்துக் கழுவி, சம்பில் தண்ணீர் ஓடும் வழியில் வையுங்கள். அமிலம் கூடும்போது அதிகம் கரையும், குறையும்போது நின்றுவிடும். மேலே பாசிப் படலம் படியும் என்பதால் மாதம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். பவளத் துண்டு தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். பவளங்கள் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்டவை.

ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே ஊற்றுபவர்களுக்கும் இதே கதிதான். போர் தண்ணீர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை அரிது. ஆனால் போரிலிருந்து வந்ததும் அதில் ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும். ஒரு நாள் டிரம்மில் காற்றடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: புது ஃபில்டர் "பழுக்க" எத்தனை நாள்? மீன் விடாமலே பழுக்கவைக்க முடியுமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: மீடியாவில் நுண்ணுயிர் பெருகி நிலைக்க நம் வெயிலில் 3 முதல் 5 வாரம். மீனைச் சோதனைக்கு விடுவதைவிட அமோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், போடுவது மேல். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கட்டியில் கலப்படம் இருக்கலாம். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் சுத்தமானது கிடைக்கும். 700 லிட்டருக்கு நாலரை கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மி.கி. அமோனியா காட்டும். அது குறைந்து பூஜ்யத்துக்கு அருகில் வரும்போதெல்லாம் அதே அளவு மறுபடி. நடுவில் நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்கும். போட்ட 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்றால் ஃபில்டர் தயார். பாதித் தண்ணீர் மாற்றி, மறுநாளே மீன் விடுங்கள். காலியாக விட்டால் நுண்ணுயிர் பட்டினி கிடக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஆரோக்கியமான தொட்டியின் அழுக்கு ஸ்பான்ஞ்ச் ஒன்று கிடைத்தால் காலம் பாதியாகும்.

மீனை ஏற்கெனவே விட்டுவிட்டீர்கள், நைட்ரைட் ஏறுகிறது என்றால், 10 லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். கூடவே தண்ணீர் மாற்றமும்.

கேள்வி: நல்ல சம்ப் இருந்தால் தண்ணீரே மாற்ற வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னார்.
— வாசகர், வேலூர்

பதில்: மீன் விற்கத் தெரிந்தவர். ஃபில்டர் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும், அவ்வளவுதான். நைட்ரேட் தொட்டியிலேயே நிற்கும். 20 கிராம் தீவனக் கணக்கில் 700 லிட்டரில் வாரத்துக்கு லிட்டருக்கு 33 மி.கி. ஏறும். வாரம் 30 சதவீதம் மாற்றினால் போகப் போக அது 110-ல் வந்து நிற்கும். 50 சதவீதம் மாற்றினால் 66. வாரம் இரண்டு முறை 30 சதவீதம் மாற்றினால் 55. பெரிய மீன் வளர்ப்பவர்களுக்குக் கடைசி வழியே நல்லது. மீனுக்கும் அதிர்ச்சி குறைவு. மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) மறக்காதீர்கள்: 300 லிட்டருக்கு, குளோரின் லிட்டருக்கு 1 மி.கி. என்றால், 2 கிராம்.

மணி பிளான்ட்டின் வேரைச் சம்பில் விட்டால் நைட்ரேட் கொஞ்சம் குறையும். வெளிச்சம் இருந்தால்தான் வளரும், வளர்ந்தால்தான் உறிஞ்சும். இலை தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்பான்ஞ்ச், மீடியா எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவுகிறேன். ஆனாலும் கழுவிய மூன்றாம் நாள் தண்ணீர் பால் மாதிரி ஆகிறது.
— வாசகி, திண்டுக்கல்

பதில்: ஆனாலும் இல்லை, அதனால்தான். குளோரின் பட்டு நுண்ணுயிர் செத்துப்போகிறது. அந்த இடைவெளியில் வேறு பாக்டீரியா பெருகித் தண்ணீர் வெளுக்கிறது. தொட்டியிலிருந்து எடுத்த வாளித் தண்ணீரில் அலசுங்கள். பஞ்சை 3, 4 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஸ்பான்ஞ்ச் வாரம் ஒருமுறை. மீடியாவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதிப் பாதியாக. அழுக்கு பிடிபட்டாலும் வெளியே எடுத்து எறியும்வரை அது தண்ணீரில்தான் ஊறிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் முதல் அறைக் கூடையைக் கை எட்டும்படி வைக்கச் சொல்கிறோம்.

கேள்வி: பம்ப் 24 மணி நேரமும் ஓடினால் பில் எவ்வளவு வரும்?
— வாசகர், கடலூர்

பதில்: 80 வாட் ஏ.சி. பம்ப் என்றால் இரண்டு மாத பில்லில் 115 யூனிட். அதே தண்ணீரை 40 வாட் டி.சி. பம்ப் ஏற்றினால் 58. விலை வித்தியாசத்தை அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். ராத்திரியில் நிறுத்தி மிச்சம் பிடிக்க வேண்டாம். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏ.சி. பம்ப் உறுமும், சூடாகும். இன்வெர்ட்டரில் ஏர் பம்பை மட்டும் போட்டால்கூட மீடியாவும் மீனும் தாக்குப்பிடிக்கும்.

கேள்வி: இரண்டு சக்கர் மீன் விட்டால் அழுக்கைத் தின்றுவிடும், ஃபில்டரே வேண்டாம் என்கிறார் நண்பர்.
— வாசகர், ஆவடி

பதில்: அது பாசியைத் தின்னும், மற்ற மீனின் கழிவைத் தின்னாது. தான் போடுவதும் கொஞ்சநஞ்சமில்லை. ஓர் அடிக்கு மேல் வளர்ந்துவிட்ட பிறகு ஏரியில் கொண்டுபோய் விடவும் கூடாது. நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிக்கிடக்கிறது.